பிள்ளை பாலை மறுக்கும் வேளை

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. உயிரைக் கொடுத்தவனும் அவன். அதற்குத் தவணை குறித்தவனும் அவன். தவணை முடிந்ததும் அதைத் திரும்பப் பெறுபவனும் அவனே. அவனுடைய திருத்தூதர் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

அன்பர்களே! தாய்மார்களே! இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள், எழுதும் கையை நடுங்கச் செய்யும் பொருள். படிப்போரில் சிலருக்குப் பழைய புண் திறக்கக்கூடும். எனினும் எழுதாதிருக்க நம்மால் இயலவில்லை. ஏனெனில், இவ்விஷயத்தில் நாமே ஒரு பெருந்தவறு செய்திருக்கிறோம்.

நாம் மதரஸாவில் ஓதி முடித்து, தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இமாமாகப் பொறுப்பேற்ற புதிது. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் பள்ளியின் திண்ணையில் நமக்காகக் காத்திருந்தார். அவருடைய ஆறு வயது மகனுக்கு மூளையில் கட்டி. சென்னையில் பல மாதங்கள் வைத்தியம் பார்த்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளையால் விழுங்க முடியவில்லை. வற்புறுத்தி ஊட்டவேண்டாம், வாயை மட்டும் நனைத்து வாருங்கள் என்பது மருத்துவர் சொல். பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கிறீர்களா என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல். இரண்டுக்கும் நடுவே நின்று அவர் கேட்டார்: "ஹஜ்ரத், ஊட்டாம விட்டா பாவமா?"

நாம் ஒரு கேள்வியும் திருப்பிக் கேட்கவில்லை. மருத்துவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று விசாரிக்கவில்லை. எழுந்து போய்ப் பிள்ளையைப் பார்க்கவுமில்லை. நின்ற நிலையிலேயே, "உயிர் உள்ள மட்டும் உணவு கொடுப்பது கடமை, நிறுத்துவது பாவம்" என்று சொல்லிவிட்டோம்.

அன்றிரவு அந்த வீட்டில் பாலாடையால் பால் புகட்டினார்கள். பால் வயிற்றுக்குப் போகவில்லை. மூச்சுக் குழலுக்குள் இறங்கியது. பிள்ளை புரையேறி, மூச்சுத் திணறி, அந்த இரவையும் மறு இரவையும் பெரும் வேதனையில் கழித்து, மூன்றாம் நாள் ஃபஜ்ருக்கு முன் மவுத்தானது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நாற்பது நாள் கழித்து அந்தத் தந்தை மீண்டும் வந்தார். நம்மீது ஒரு குறையும் சொல்லவில்லை. தலை குனிந்தபடி, "ஹஜ்ரத், அன்னிக்கி அவன் வாயை இறுக்கி மூடிக்கிட்டான். நான்தான் தாடையைப் புடிச்சுத் தொறந்தேன். அல்லாஹ் என்னையக் கேப்பானா?" என்றார்.

அந்தக் கேள்வி அவரைச் சேர்ந்ததன்று, நம்மைச் சேர்ந்தது. அதைச் சுமந்துகொண்டு நம் உஸ்தாதுமார்களிடம் சென்றோம்; கிதாபுகளைப் புரட்டினோம்; குழந்தை வைத்தியத்தில் தேர்ந்தவர்களிடம் அமர்ந்து பாடம் கேட்டோம். அன்று கேட்டிருக்க வேண்டியவற்றை இன்று எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறோம். உணவும் நீரும் குழந்தையின் உரிமை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தவக்குலைப் பற்றிப் பேசுமிடத்தில், தீங்கை நீக்கும் காரணங்களை மூன்றாக வகுக்கிறார்கள்: உறுதியானவை, பெரும்பாலும் பலிப்பவை, வெறும் யூகமானவை. தாகத்துக்கு நீரும் பசிக்கு ரொட்டியும் முதல் வகை. அவற்றை விட்டுவிட்டு அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்றிருப்பது தவக்குல் அன்று. உயிருக்கு ஆபத்து நேரும்போது ஹராம் என்றே தீர்ப்புச் செய்கிறார்கள். ஹனஃபீ ஃபுகஹாக்களும் மருந்தை விடுவதையும் உணவை விடுவதையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. மருந்து பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். உணவோ பசியைத் தீர்ப்பது உறுதி.

எனவே காய்ச்சலில் முகம் திருப்பும் பிள்ளைக்குக் கொஞ்சிக் கொஞ்சிக் கஞ்சி கொடுக்கத்தான் வேண்டும். வயிற்றுப்போக்கில் துவளும் குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலை விடாமல் கொடுக்கத்தான் வேண்டும்; அங்கே நீர்தான் உயிர். மூளை முடக்குவாதத்தோடு பிறந்து, குழாய் வழியே உணவேற்று ஆண்டுக்கணக்கில் வாழும் பிள்ளைகள் உண்டு. "இது என்ன வாழ்வு" என்று எண்ணி அந்த உணவை நிறுத்துவது கொலைக்கு ஒப்பான பாவம். அந்தக் குழந்தை மரணத்தின் வாசலில் நிற்கவில்லை. நம் பொறுமையின் வாசலில் நிற்கிறது. நாம் கீழே எழுதுவதை எவரும் இத்தகைய பிள்ளைகள் விஷயத்தில் எடுத்துச் செல்லலாகாது.

நாம் பேசுவது வேறொரு நிலை. நோய் முற்றி, வைத்தியம் கைவிட்டு, சில நாட்களோ சில மணி நேரமோதான் எஞ்சியிருக்கிறது என்று தேர்ந்த மருத்துவர்கள் கூறும் நிலை.

அந்நிலையில் உடலுக்குள் நடப்பதை மருத்துவர்கள் நமக்கு விளக்கினார்கள். அடங்கிக்கொண்டு வரும் உடலுக்கு உணவின் தேவை குறைகிறது. இரைப்பையும் குடலும் மெதுவாகின்றன. பசி உணர்வு மங்குகிறது. அப்போது உள்ளே செலுத்தும் உணவு செரிக்காமல் வயிற்றை உப்பச் செய்யும். வாந்தியாகி நுரையீரலுக்குள் புகும். சிறுநீரகம் தளர்ந்திருப்பதால், நரம்பில் ஏற்றும் குளுகோஸ் நீர் வெளியேற வழியின்றிக் கை கால்களில் வீக்கமாகவும், நெஞ்சில் சளியாகவும் தங்கி மூச்சை முட்டச் செய்யும். குழந்தைக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் வாய் வறட்சியே. அது பாட்டில் பாட்டிலாக நீர் ஏற்றுவதால் தீருவதில்லை. வாயை நனைப்பதால் தீருகிறது.

ஆக, உண்ணாததால் பிள்ளை போகவில்லை; போகும் வேளை வந்ததால் உணவு நின்றிருக்கிறது. இதை விளங்காமல்தான் பெற்றவர்கள் வாழ்நாள் முழுதும் தங்களைத் தாங்களே கொலைகாரர்களாக எண்ணிக் குமைகிறார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பாடத்தை இங்கே மீண்டும் நினைவு கூர்வோம். நீர் தாகத்தைத் தீர்ப்பது உறுதி என்பதால்தான் அது கடமையாயிற்று. தாகத்தைத் தீர்க்காமல் நுரையீரலை நிரப்பும் நீர், அந்த உறுதியான காரணம் என்னும் நிலையிலிருந்து இறங்கிவிடுகிறது என்பதே நமக்கு விளங்குகிறது. தீங்கு களையப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்றாயிற்றே!

இனி, நம் கண்களைத் திறந்த ஹதீஸ் ஒன்றைக் கேளுங்கள். நோயுற்றவர்களை உண்ணவும் பருகவும் நிர்ப்பந்திக்க வேண்டாம், அவர்களுக்கு அல்லாஹ்வே உணவும் பானமும் அளிக்கிறான் என்னும் கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதாக உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் வழியே திர்மிதீ, இப்னு மாஜா நூல்களில் வந்துள்ளது. இதன் அறிவிப்பாளர் தொடர் பற்றிச் சில வல்லுநர்கள் விவாதித்திருப்பினும், இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்கள் இதனை ஹஸன் தரத்தில் வைத்திருக்கிறார்கள்.

இதனினும் வலுவான சான்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் இறுதி நோயில் இருந்தபோது, வீட்டிலிருந்தவர்கள் அவர்களுடைய வாயின் ஓரத்தில் மருந்தை ஊற்றினார்கள். வேண்டாம் என்று பெருமானார் சைகை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்தின் மீது இருக்கும் வெறுப்புத்தானே இது என்று எண்ணி ஊற்றிவிட்டார்கள். உணர்வு தெளிந்ததும், நான் தடுக்கவில்லையா என்று நாயகம் கண்டித்தார்கள். அங்கிருந்த ஒவ்வொருவருடைய வாயிலும் அதே மருந்தைத் தம் கண்முன் ஊற்றும்படி உத்தரவிட்டார்கள்; அந்நேரம் உடன் இல்லாத அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள்.

ஊற்றியவர்கள் யார்? பகைவர்களா? உலகிலேயே அவர்களை அதிகம் நேசித்தவர்கள். ஊற்றியது எது? நஞ்சா? மருந்துதான். ஆயினும் அன்பும் மருந்தும் சேர்ந்துகூட, படுத்திருப்பவரின் சைகையைப் புறக்கணிக்கும் உரிமையைத் தரவில்லை. மதரஸாவில் இந்த ஹதீஸை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். ஆனால் அந்தத் தந்தை "வாயை மூடிக்கிட்டான்" என்று சொன்ன பிறகே அதன் பொருள் நமக்கு உறைத்தது. பேச்சிழந்த பிள்ளைக்கு மூடிய உதடுகளே சைகை. திருப்பும் முகமே சைகை. அது வெறும் அடமா, உடல் ஏற்காததன் அடையாளமா என்பதை மருத்துவரிடம் கேட்டறிவது நம் கடமை. தாடையைப் பிடித்துத் திறப்பது நம் கடமையன்று.

அப்படியானால் ஒன்றும் செய்யாமல் கைகட்டி நிற்பதா? இல்லை. மார்க்கம் இவ்விடத்தில் மிக நுட்பமான பணிவிடையைக் கற்றுத் தந்திருக்கிறது. ஸக்ராத் நிலையில் இருப்பவரின் தொண்டையை நீராலோ பானத்தாலோ அவ்வப்போது நனைத்து வருவதும், உதடுகளைப் பஞ்சால் ஈரப்படுத்துவதும் சுன்னத் என்று ஹன்பலி மத்ஹபின் இமாம் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களிலும் அவருக்கு நீர் அருந்தக் கொடுப்பது விரும்பத்தக்கது என்று வந்துள்ளது. அத்தோடு ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார்கள்: நீர் கொடுக்கும்போது அவர் முகம் மலருமானால், அது அவருக்குத் தேவை என்பதன் அடையாளம், அப்போது கொடுப்பது வாஜிபாகிவிடும். பார்த்தீர்களா! சட்டமே அந்த முகத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறது. மலர்ந்தால் கொடு, மறுத்தால் நனைத்துவிட்டு நிறுத்து.

இன்றைய மருத்துவமனைகளில் தாதியர் கற்றுத் தருவதும் இதையேதான். தாய்மார்களுக்குப் பயன்படும் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

பிள்ளை விழுங்கும் நிலையில் இருக்கும்வரை, அது விரும்பியதை விரும்பிய அளவு கொடுங்கள். அரை வாய் கஞ்சி போதும், ஒரு மிடறு இளநீர் போதும். அளவைக் கணக்கிடாதீர்கள்; அது சுவைக்கட்டும். தலையைச் சற்று உயர்த்தி மடியில் சாய்த்துக்கொண்டு கொடுங்கள். படுத்த நிலையில் வேண்டாம். இருமினாலோ புரையேறினாலோ உடனே நிறுத்துங்கள்.

விழுங்க முடியாமற் போனபின், சுத்தமான மெல்லிய துணியை நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கொரு முறையேனும் உதடு, ஈறு, நாக்கு இவற்றை மெதுவாக ஒற்றி எடுங்கள். உதடு வெடிக்காதிருக்க வாஸலினோ வெண்ணெயோ லேசாகத் தடவுங்கள். பால்குடிக் குழந்தையாயின் தாய்ப்பாலில் துணியை நனைக்கலாம். பால் இறங்காவிட்டாலும் தாயின் மார்போடு அணைத்துக்கொள்ளலாம். அந்த வாசனையும் வெதுவெதுப்பும் பிள்ளைக்கு ஆறுதல். அத்தாயைக் கவனிக்க வீட்டுப் பெண்கள் மறக்கலாகாது. பிள்ளை குடிப்பது நின்றதும் மார்பில் பால் கட்டிக்கொண்டு கடுமையாக வலிக்கும், வெட்கப்பட்டு மறைப்பாள். அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஜம்ஜம் நீரும் ஓதி ஊதிய தண்ணீரும் வீட்டில் இருக்கும். உறவினர் ஒவ்வொருவரும் ஒரு கரண்டி ஊற்ற முந்துவார்கள். வேண்டாம். அந்தப் பரக்கத்தான நீரில் துணியை நனைத்து உதட்டில் ஒற்றுங்கள். பரக்கத் அளவில் இல்லை. ஒரு துளியிலும் அது உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தொடவே வேண்டாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

வலி இருந்தால் அதற்கு வைத்தியம் கேட்கத் தயங்காதீர்கள். மருத்துவர் அளவிட்டுக் கொடுக்கும் மார்ஃபினைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது வலியைத் தணிப்பதற்கு, உயிரைப் போக்குவதற்கன்று. தீராத நோயாளிகளை வீட்டிலேயே பார்த்துப் பணிவிடை செய்யும் அமைப்பு 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கி, பின்னர் மலப்புறம் மாவட்டத்துச் சிற்றூர்களுக்கும் பரவியது; அங்கே நம் சகோதரர்கள் எத்தனையோ பேர் தொண்டர்களாக நோயாளிகளின் வாசலேறிச் செல்கிறார்கள். நம் ஜமாஅத்துகளுக்கும் இது ஒரு முன்மாதிரி.

மூக்கு வழியே செலுத்தும் குழாய் உணவையும் நரம்பில் ஏற்றும் நீரையும் பற்றிக் கேட்பீர்கள். இது உணவின் சட்டத்தில் சேருமா, மருந்தின் சட்டத்தில் சேருமா என்பதில் இக்கால அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. உடல் அதை ஏற்றுக்கொள்ளும்வரை, மரணத்தை வரவழைக்கும் நோக்கத்தோடு அதை அகற்றுதல் கூடாது. உடல் ஏற்காமல், அது வேதனையையே கூட்டுகிறது என்று திறமையும் நேர்மையும் உள்ள மருத்துவர்கள், முடிந்தால் ஒருவருக்கு இருவராக, கூறுவார்களாயின், குறைப்பதும் நிறுத்துவதும் தீங்கைக் களைவதில் சேரும். 1981இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ மாநாட்டின் ஒழுக்க விதிகளும், மருத்துவர் தம் எல்லையை அறிதல் வேண்டும், வாழ்வைக் காப்பதே அவர் பணி, மரணத்தை நீட்டிப்பதன்று என்றும், அதே சமயம் உயிரைப் போக்க எதையும் செய்யலாகாது என்றும் கூறின. ஒவ்வொரு பிள்ளையின் நிலையும் வேறு. ஆகவே மருத்துவர் சொன்னதை முழுமையாக எழுதி எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் ஆலிமிடம் செல்லுங்கள். ஆலிம் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நாம் செய்ததைப்போல் திண்ணையில் நின்றபடி பதில் சொல்லாதீர்கள்.

முடிவு யாருடையது? பிள்ளைக்குப் பாலூட்டுவது பற்றிப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தை ஓதிப் பாருங்கள். எந்த ஆத்மாவுக்கும் அதன் சக்திக்கு மீறிய சுமை இல்லை, பிள்ளையை முன்னிட்டுத் தாய்க்கும் துன்பம் கூடாது, தந்தைக்கும் துன்பம் கூடாது என்று அல்லாஹ் அங்கே அறிவிக்கிறான். பால் நிறுத்துவதைக்கூட இருவரும் மனமொப்பி, கலந்து ஆலோசித்துச் செய்வதற்கே அனுமதியளிக்கிறான். நலமுள்ள பிள்ளைக்குப் பால் நிறுத்தவே தாயும் தந்தையும் கலந்து பேசவேண்டும் என்றால், இந்தக் கடினமான வேளையில் அவ்விருவரின் ஆலோசனை எத்துணை அவசியம்! வாசலில் நின்று, "பட்டினி போட்டுட்டாங்க" என்று பேசும் நாவுகளுக்கு அந்த ஆலோசனையில் இடமில்லை. அப்பேச்சு, பெற்ற வயிற்றில் வாழ்நாள் முழுதும் எரியும் நெருப்பு. அதை மூட்டியவர் அல்லாஹ்விடம் பதில் சொல்லவேண்டி வரும்.

பெருமானார் (ஸல்) அவர்களே இத்தகைய ஒரு வீட்டுக்குச் சென்றிருக்கிறார்கள். அவர்களுடைய மகளாரின் குழந்தை மரணத் தறுவாயில் இருந்தது. எடுத்ததும் அல்லாஹ்வுக்குரியது, கொடுத்ததும் அவனுக்குரியது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணை உண்டு, பொறுமை கொள்க என்று முதலில் சொல்லியனுப்பினார்கள். அவசியம் வரவேண்டும் என்று மகளார் சத்தியமிட்டு மீண்டும் ஆளனுப்பவே, ஸஅது இப்னு உபாதா (ரலி), முஆத் இப்னு ஜபல் (ரலி) முதலிய தோழர்களுடன் எழுந்து சென்றார்கள். குழந்தை அவர்களிடம் கொடுக்கப்பட்டது. அதன் மூச்சு உள்ளே இழுத்துச் சலசலத்துக்கொண்டிருந்தது. அண்ணலாரின் கண்கள் நீரைச் சொரிந்தன. இது என்ன என்று ஸஅது (ரலி) அவர்கள் வினவியபோது, இது இரக்கம், அல்லாஹ் தன் அடியார்களின் உள்ளங்களில் வைத்தது என்று விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது.

இதில் நாம் காண்பது என்ன? போனார்கள், ஏந்தினார்கள், அழுதார்கள். ஊட்ட இயலாத கைகளுக்கும் ஏந்துகிற வேலை மிஞ்சியிருக்கிறது. உயிர் தொண்டையை அடையும்போது சூழ நின்று பார்ப்பவர்களைவிடத் தானே நெருக்கமாக இருப்பதாக அல்வாகிஆ அத்தியாயத்தில் அல்லாஹ் உணர்த்துகிறான். அந்த நெருக்கத்தில், பிள்ளையின் காதருகே மெதுவாகக் கலிமாவைச் சொல்லிக்கொண்டிருங்கள், யாஸீன் ஓதுங்கள், நெற்றியைத் தடவுங்கள். கூச்சலும் தர்க்கமும் அந்த அறைக்குள் வேண்டாம்.

கடைசியாக, பாதியில் நின்ற பாலைப் பற்றி ஒன்று. அண்ணலாரின் அருமை மைந்தர் இப்ராஹீம் (ரலி) அவர்கள் பால்குடிப் பருவம் முடியுமுன்னரே மறைந்தார்கள். கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆயினும் இறைவன் பொருந்தாத சொல்லை நாம் சொல்வதில்லை என்று அன்று பெருமானார் மொழிந்ததை நாம் அனைவரும் அறிவோம். அதோடு அவர்கள் அறிவித்த இன்னொன்று உண்டு. தம் மகனுக்குச் சுவனத்தில் பாலூட்டுவோர் இருக்கின்றனர், எஞ்சிய பால்குடிக் காலத்தை அங்கே அவர்கள் நிறைவு செய்வார்கள் என்றார்கள். முஸ்லிமில் உள்ளது இச்செய்தி. அது நாயக மைந்தருக்குரிய தனிச் சிறப்பு. எனினும் அதை அருளிய ரப்புதான் நம் பிள்ளைகளுக்கும் ரப்பு. ஈமான் கொண்டோரின் பிள்ளைகளை அவன் பசியோடு விட்டுவிடுவான் என்று எந்தத் தாயும் அஞ்ச வேண்டாம்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பின், நாம் அந்தத் தந்தையின் வீட்டுக்குச் சென்றோம். நெடுநேரம் பேச்சு வரவில்லை. பிறகு சொன்னோம்: "பாய், அன்னைக்கு நீங்க மார்க்கம் கேட்டுத்தான் செஞ்சீங்க. தெரியாமச் சொன்னது நாங்கதான். கேள்வி வந்தா எங்களுக்குத்தான் வரும். எங்களை மன்னிச்சிடுங்க." அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து அந்தப் பிள்ளையின் தாய் கதவோரம் வந்து நின்று, "அங்கே அவனுக்கு விழுங்க முடியும்ல ஹஜ்ரத்?" என்று கேட்டார். "முடியும்மா, இன்ஷா அல்லாஹ்" என்றோம். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

யா அல்லாஹ்! நோயுற்ற குழந்தைகளுக்கு நலம் தருவாயாக! தவணை முடிந்த பிள்ளைகளின் இறுதி மூச்சை இலேசாக்குவாயாக! அவர்களைத் தங்கள் பெற்றோருக்குப் பரிந்து பேசுவோராக ஆக்குவாயாக! ஊட்ட வேண்டிய வேளையில் ஊட்டவும், ஏந்த வேண்டிய வேளையில் ஏந்தவும் எங்களுக்கு அறிவைத் தருவாயாக! அறியாமல் நாங்கள் சொன்ன சொற்களை மன்னிப்பாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.